மலையில் மருத்துவமனை: முதலில் சாலையைப் பார்க்க வேண்டும்

கம்போங் ராஜா, புளூ வேலி தோட்ட மக்களுக்கான மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. பகாங்கின் பெரிய அரசு மருத்துவமனை கிழக்குக் கரையில், குவாந்தானில். ஆனால், கம்போங் ராஜாவிலிருந்து இறங்கும் சாலை சிம்பாங் பூலாய் வழியாகப் பேராக்கின் ஈப்போவுக்குச் செல்கிறது. பெரிய மருத்துவமனைக்கு அதுவே பக்கம்.

நீண்ட காலத் திட்டமிடல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மாநில எல்லையை வைத்து மட்டும் கணக்கிட்டால், நோயாளிகள் உண்மையில் செல்லும் வழி விடுபட்டுப் போகும்.

அடுத்தது மண்சரிவு. 2024 ஜனவரி 26-ஆம் தேதி புளூ வேலியில் ஏற்பட்ட நிலச்சரிவில் ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். விடுமுறைக் காலத்தில் பிரிஞ்சாங் சாலை நெரிசலில் திணறுவதும் எல்லாரும் அறிந்ததே. சிறுநீரகச் சுத்திகரிப்பு பெறுபவர் பொதுவாக வாரம் மூன்று முறை சென்றாக வேண்டும்; சாலை திறக்கும் வரை நோய் காத்திருக்காது. ஆகவே, அடிக்கடி தேவைப்படும் சிகிச்சை குடியிருப்புக்கு அருகிலும், அரிதாகத் தேவைப்படும் நிபுணத்துவ சிகிச்சை பெரிய மருத்துவமனையிலும் இருப்பதே முறை.

மூன்றாவது பராமரிப்பு. கட்டுமானச் செலவு ஒரு முறை. பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும். அரசு மருத்துவமனைகளின் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு அகற்றல் ஆகியவை 1997 முதல் குத்தகை நிறுவனங்களிடம் உள்ளன. புதிய கட்டடம் கேட்கும்போதே, அதை இருபது ஆண்டுகள் நடத்த ஆளும் பணமும் உண்டா என்பதையும் மக்கள் கேட்க வேண்டும்.