குடியுரிமை மனு: தரகரை விடுத்துத் தக்கவரை நாடுவோம்

பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் முதியவர் சிலர் நம்மை அணுகி, பிளாஸ்டிக் பையொன்றைப் பிரித்துக் காட்டுவர். அதனுள் சிவப்பு நிற அடையாளக் கார்டும், மடிப்பு விட்டுப்போன பழைய தாள்களும், மனு ஏற்கப்படவில்லை என்று கூறும் கடிதங்களும் இருக்கும். "ஐயா, நான் இந்த மண்ணிலேயே பிறந்தவள். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டினேன். எனக்கு ஏன் நீலக் கார்டு இல்லை?" என்று அண்மையில் ஓர் அம்மையார் கேட்டார். அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீல நிறக் கார்டு குடிமக்களுக்கு உரியது. சிவப்புக் கார்டு நிரந்தர வசிப்பாளருக்கும், பச்சைக் கார்டு தற்காலிக வசிப்பாளருக்கும் உரியவை. சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் இந்நாட்டில் வாழலாம், உழைக்கலாம். ஆனால் வாக்களிக்க இயலாது. குடிமக்களுக்கென ஒதுக்கப்படும் உதவிகள் பலவும் அவருக்குக் கிட்டுவதில்லை.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது?

அவசரகாலம் தொடங்கிய 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அடையாளக் கார்டு முறை நடைமுறைக்கு வந்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றபொழுது குடியுரிமை பெறும் வழிகள் அரசமைப்புச் சட்டத்தில் வகுக்கப்பட்டன. அக்காலத்தில் நம் தோட்டத்து மக்களுள் பலர் எழுத்தறிவு பெறாதவர். பத்திரங்களின் அருமையை உணராதவர். "கார்டு ஒன்று இருக்கிறது, அது போதும்" என்று எண்ணிவிட்டனர்.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்வதற்குப் பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. 1969ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் பெர்மிட் கிடைக்காமலோ, கிடைக்காது என்ற அச்சத்தினாலோ இந்தியாவுக்குக் கப்பலேறினர். பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு தாள் இல்லாமையால் நேர்ந்த துன்பம் அது.

பிறந்த தேதியே திறவுகோல்

குடியுரிமை மனு என்பது எல்லாருக்கும் ஒரே மனு என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. தீபகற்பத்தில் பிறந்தவருக்குப் பொருந்தும் சட்டப் பிரிவு, அவர் பிறந்த தேதியைப் பொறுத்து மாறுபடுகிறது.

முதலாவது, 1957 ஆகஸ்டு 31ஆம் நாளுக்கு முன் இங்குப் பிறந்தவர்கள். இவர்கள் 16ஆம் பிரிவின் கீழ்க் குடிமகனாகப் பதிவு செய்யும்படி மனுச் செய்யலாம். மனுச் செய்யும் நாளுக்கு முந்திய ஏழாண்டுகளில் ஐந்தாண்டுகளேனும் இங்கு வசித்திருத்தல், நிரந்தரமாக வசிக்கும் எண்ணம், நன்னடத்தை, எளிய மலாய்மொழி அறிவு ஆகியவை அதற்கு வேண்டும்.

இரண்டாவது, அந்நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இங்குப் பிறந்தவர்கள். பெற்றோர் எந்நாட்டவராயினும், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, இம்மண்ணில் பிறந்த ஒன்றே போதும். அவர்கள் சட்டப்படி குடிமக்களாவர்.

மூன்றாவது, 1962 அக்டோபர் முதல் பிறந்தவர்கள். பிறந்த சமயத்தில் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது பிள்ளை வேறெந்த நாட்டின் குடியுரிமையுடனும் பிறவாததாக இருக்க வேண்டும்.

மேலே கூறிய அம்மையாரின் கதைக்கு வருவோம். அவர் பிறந்தது 1961ஆம் ஆண்டில். அவர் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் என்பது இதனால் விளங்கும். அவர் "குடியுரிமை தாருங்கள்" என்று கேட்க வேண்டியவர் அல்லர். "நான் குடிமகள் என்பதை உறுதிப்படுத்துங்கள்" என்று கேட்க வேண்டியவர். ஒருவரது குடியுரிமையில் ஐயம் எழுமாயின், அவர் குடிமகனே என்று சான்றளிக்க 30ஆம் பிரிவு அரசாங்கத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அவருக்கு மனு எழுதிக் கொடுத்த தரகர், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஏற்ற 19ஆம் பிரிவின் கீழ் இருமுறை மனுச் செய்திருந்தார். இரு முறையும் பணம் பெற்றுக்கொண்டார். பதினோரு ஆண்டுகள் வீணாயின.

ஆதாரங்கள் எங்கே கிடைக்கும்?

சரியான பிரிவு தெரிந்தபின் தேவைப்படுவது ஆதாரம். லயத்தில் மருத்துவச்சியின் கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்து ஆஸ்பத்திரிக் குறிப்பு, அம்மைப்பால் குத்திய அட்டை, செக்ரோல் நகல், தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, ஊழியர் சேமநிதிப் பத்திரம், பெற்றோரின் பழைய அடையாளக் கார்டு ஆகிய யாவும் துணைச் சான்றுகளாகும். உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் மிகவும் வலுவானது. ஒரே தாய் தந்தையர், ஒரே தோட்டம் என்பதை அது காட்டுகிறது. பிறந்த செய்தியை நேரில் அறிந்த பெரியவர்கள், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் வாக்குமூலம் அளிக்கலாம்.

இவற்றைத் தேடுவதில் காலந்தாழ்த்தலாகாது. வட சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்கள் கைமாறிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. ஆபீஸ் மூடப்படும்பொழுது பழைய பதிவேடுகளும் மறைந்துவிடுகின்றன. சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்களும் நெடுங்காலம் இருக்கப் போவதில்லை.

இளம் பெற்றோர் கவனத்திற்கு

முதியவர்களுக்கு நேர்ந்த இத்துன்பம் இன்று பிறக்கும் குழந்தைகளுக்கும் நேரக்கூடும். கோயிலில் தாலி கட்டினால் திருமணம் முடிந்துவிட்டது என்று நம் மக்கள் கருதுகின்றனர். சமயப்படி அது சரியே. ஆனால் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபின், திருமணம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதிவு இல்லையெனில் பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றும். தந்தையிடம் நீலக் கார்டு இருந்தும், தாய் வெளிநாட்டவராகவோ பத்திரமற்றவராகவோ இருந்தால், அப்பிள்ளை குடியுரிமையின்றி நிற்க நேரிடும்.

பிறந்த 60 நாட்களுக்குள் குழந்தையைப் பதிவு செய்துவிட வேண்டும். தாய்க்குப் பத்திரம் இல்லை என்பதற்காக, அக்காள் பிள்ளை என்றோ பாட்டி பெற்ற பிள்ளை என்றோ எழுதிவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அன்பினால் செய்யும் காரியமாயினும் அது குற்றமாகும். பொய்யான தகவலால் பதிவின்மூலம் பெற்ற குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

சிவப்புக் கார்டுப் பெற்றோர் மேலும் ஒன்றை அறிய வேண்டும். 2024 அக்டோபர் 17ஆம் நாள் மக்களவை ஏற்றுக்கொண்ட அரசமைப்புத் திருத்தம், மேலே மூன்றாவது வகையில் குறித்த "நிரந்தர வசிப்பாளர்" என்ற வாசகத்தை நீக்குகிறது. அத்திருத்தத்தின்படி, பெற்றோருள் ஒருவர் சிவப்புக் கார்டு வைத்திருப்பது மட்டும் இனிப் பிறக்கும் பிள்ளைக்குப் போதாது. ஆகவே தம் குடியுரிமைக்கு முயல்வது பிள்ளைக்குச் செய்யும் கடமையுமாகும்.

யாரிடம் உதவி பெறுவது?

முதற்படி தேசியப் பதிவிலாகாவே. மனுப் பாரத்தைப் பற்றியும் இணைக்க வேண்டிய பத்திரங்களைப் பற்றியும் முகப்பிலுள்ள அதிகாரிகள் விளக்குவர். அதற்குக் கட்டணமில்லை. மனுவைப் பொறுத்து முடிவு செய்வது உள்துறை அமைச்சு.

பத்திரங்கள் குறைவாக இருந்தால், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரை நாடலாம். 'டிரா மலேசியா' என்னும் அமைப்பின் பணியாளர்கள் தீபகற்பத்தில் பத்திரமற்றவர்களைக் கண்டறிந்து, ஆயிரக்கணக்கானோரின் மனுக்களைத் தயாரிக்க உதவியுள்ளனர். தொழிற்சங்கக் கிளையிலும் விசாரிக்கலாம்.

மனு மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டாலோ, சட்டப்படி குடிமகனாக இருந்தும் அது ஏற்கப்படாவிட்டாலோ வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். பிறர் சார்பில் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வழக்கறிஞராலேயே இயலும். வசதி குறைந்தோர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். எந்த வழக்கறிஞரிடம் சென்றாலும், தொழில் நடத்தும் உரிமம் உள்ளவரா என்பதை வழக்கறிஞர் மன்றத்தில் கேட்டு அறியலாம். கட்டணத்தை எழுத்தில் பெறுக, ரசீது வாங்குக, மனுவின் நகலையும் எண்ணையும் வைத்துக்கொள்க.

"உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது" என்பவர், வெற்றுப் பாரத்தில் கையொப்பம் கேட்பவர், மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்பவர், இத்தனை மாதத்தில் நீலக் கார்டு நிச்சயம் என்று விலை பேசுபவர் ஆகியோரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். நேர்மையான வழக்கறிஞர் எவரும் முடிவுக்கு உறுதி கூறமாட்டார். சரியான வழியையே காட்டுவார்.

இத்தகைய உதவி தோட்டத்திற்கே வந்தால் என்ன நிகழும் என்பதற்கு இலங்கை மலையகம் சான்று. அங்குத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 2003 அக்டோபரில் புதிய சட்டம் நிறைவேறியபின், தொண்டர்கள் தோட்டந்தோறும் சென்று மனுக்களை நிரப்பிக் கொடுத்தனர். பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். சட்டம் வழி திறந்தது. அவ்வழியே மக்களை அழைத்துச் சென்றது, பாரம் நிரப்பத் தெரிந்தவரின் துணை.

அந்த அம்மையாரின் மனு இப்பொழுது உரிய பிரிவின் கீழ்ப் பரிசீலனையில் இருக்கிறது. அதற்கு வலுவூட்டியவை அவருடைய தம்பியின் பிறப்புப் பத்திரமும், தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் இருந்த ஒரு வரியும். முடிவு என்னவாகும் என்று நாம் கூற இயலாது. ஆயினும் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். இன்றிரவே வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து, பழைய தாள்களை எடுத்துப் பார்ப்போமாக. எதனையும் எறிந்துவிட வேண்டாம். எவரிடமும் மூலத்தைக் கொடுத்துவிடவும் வேண்டாம். சந்தேகமிருப்பின் தக்கவரிடம் கேட்போம்.