கடப்பா கல்லும் கரிசல் மண்ணும்

சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டிலும் பார்த்துப் பழகிய கடப்பா கல்லை வாசலில் பரப்ப நினைப்பவர்களை முதலில் மிரட்டுவது அதன் எடை. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனம் கொண்ட ஒரு கல் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். மூட்டையையாவது தோளில் போட்டுக்கொள்ளலாம். கல்லில் பிடிப்பதற்கே இடமில்லை.

பழகிய கொத்தனார் அதைத் தூக்குவதே இல்லை. நட்டமாக நிறுத்தி, ஒரு மூலையை அச்சாக்கித் திருப்புகிறார். பிறகு அடுத்த மூலைக்கு மாற்றுகிறார். கல் தானே நடந்து வருகிறது. படுக்க வைத்த பிறகு ஒரு ஓரத்தை மட்டும் கிளப்ப வேண்டுமென்றால் கடப்பாரை. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து நான்கு அங்குலத்தில் ஒரு மரத்துண்டை அணை கொடுத்தால், கணக்குப்படி இரண்டு கிலோ அழுத்தமே போதும். விரல் நசுங்காமல் தப்புவதும் அந்த மரத்துண்டால்தான்.

ஆந்திராவின் கடப்பா, கர்னூல் பக்கத்துச் சுரங்கங்களில் கிடைக்கும் இந்தக் கறுப்புக் கல் ஒரு சுண்ணாம்புக்கல். மீனோ நண்டோ தோன்றுவதற்கு முன்பே கடலடியில் படிவு படிவாகச் சேர்ந்து இறுகியது. அந்தப் படிவு வாக்கில் உளி வைத்தால் பலகைபோலப் பிரிந்துவரும். ஆனால் இழுத்தால் வளைந்துகொடுக்கும் குணம் கல்லுக்கு இல்லை. அடியில் ஒரு பக்கம் தாங்கலும் மறு பக்கம் வெற்றிடமும் இருந்தால், மேலே மிதித்தவுடன் கல்லின் ஒரு முகம் இழுபட்டு விரிசல் விடும்.

அதனால் முக்கால்வாசி வேலை கல் வருவதற்கு முன்பே நடக்கிறது. செம்மண் நிலம் என்றால் பெரிய கவலை இல்லை. கரிசல் மண் அப்படியல்ல. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரையில் வெடித்துச் சுருங்கும். மேலே கிடக்கும் கல்லையும் கூடவே ஏற்றி இறக்கும். அங்கே மேல்மண்ணை வெட்டியெடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். ஆள் நடமாட நான்கு அங்குல ஜல்லிப் படுகை போதும். கார் ஏறும் என்றால் படுகையும் தடிக்க வேண்டும், கடப்பாவுக்குப் பதில் கிரானைட் வாங்குவதும் நல்லது.

அடுத்தது தண்ணீர் வாட்டம். பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டிலிருந்து தெருப்பக்கமாக. கண்ணுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியும். மட்டம் பிடிக்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூப்பே போதும், இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். டியூப்புக்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதைத் தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் நூல் கட்ட வேண்டும்.

அவசரக்காரர்கள் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்துக் கல்லை அமுக்கிவிடுவார்கள். பார்வைக்குக் குறையே தெரியாது. ஒரு மாதம் கழித்துக் கரணைக் காம்பால் தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும். கல் கனம் ஒன்றுபோல இருக்காது என்பதால், ஒவ்வொரு கல்லுக்கும் எம்-சாண்டைக் கூட்டிக் குறைத்து, அடி முழுவதும் படியும்படி ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதே முறை. இடுக்கில் மணலைக் கூட்டித் தள்ளினால், மழைநீரில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளும் இறங்கும்.

போட்டு முடித்த பிறகு கழிப்பறை ஆசிட்டை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்புக்கல் அல்லவா, பட்ட இடம் நுரைத்துப் பொங்கி வெளுத்துவிடும். அரிசிமாவுக் கோலம் இந்தக் கறுப்பில் பளிச்சென்று விழும், ஆனால் விடிகாலையிலேயே போட்டுவிட வேண்டும். சித்திரை மதியத்தில் அந்த வாசலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.