விபத்துக்குப் பின் காப்புறுதி நட்டஈடு: எங்கே தவறுகிறோம்?

வியாபாரிகளான எம்மில் பலர் வருடா வருடம் காருக்குக் காப்புறுதி செய்கிறோம். வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கட்டுப்பணத்தைச் செலுத்தி, தாளை மடித்துக் காருக்குள் வைத்துவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது விபத்து நடந்த பிறகுதான். நானும் அப்படி இருந்தவன்தான். எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் புறக்கோட்டையில் கொள்வனவை முடித்துக்கொண்டு மாவனல்லைக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். பின் ஆசனத்தில் மூன்று துணிக்கட்டுகள். வரக்காப்பொலைக்கு அருகில் குறுக்கு வீதியொன்றிலிருந்து முச்சக்கர வண்டியொன்று திடீரென ஏறியது. பிரேக் பிடித்தும் மோதிவிட்டது. அல்லாஹ்வின் உதவியால் எவருக்கும் காயமில்லை. காரின் முன் பகுதி நொறுங்கி, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஓடியது.

நான் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டுக் காத்திருந்தபோது அருகில் தேநீர்க்கடை வைத்திருந்த சகோதரர் ஒருவர் வந்தார். "நானா, துணிக்கட்ட எங்கட கடைக்குள்ள வைங்க. ஆக்கள் வந்து கேட்டா, சும்மா ஊருக்குப் போற பயணம் எண்டு சொல்லுங்க" என்றார். அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். நானும் ஒரு கட்டைத் தூக்கக் கை வைத்துவிட்டேன். பிறகு, ஒரு பொய்யைச் சொன்னால் அதைப் படிவத்திலும் பொலிஸிலும் தொடர்ந்து சொல்ல வேண்டி வருமே என்று தோன்றியது. கட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மதிப்பீட்டாளர் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரங்களில் கடிதம் வந்தது. தனிப்பட்ட காருக்கான எனது காப்புறுதிப் பத்திரத்தில், வியாபார மாதிரிகள் தவிர்ந்த வர்த்தகப் பொருட்களை ஏற்றிச் செல்லும் பாவனைக்குக் காப்பு இல்லை என்ற நிபந்தனை இருந்தது. இது பழைய காலத்திலிருந்தே தனியார் கார் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாகக் காணப்படும் ஒரு நிபந்தனை. நான் ஒருநாளும் வாசித்ததில்லை. வியாபார நோக்கில் ஒருவரைச் சந்திக்கப் போகலாம். சரக்கு ஏற்றினால்தான் பிரச்சினை.

நான் நேரில் சென்று, முன்மொழிவுப் படிவத்தில் எனது தொழில் துணி வியாபாரம் என்று எழுதியிருப்பதையும், விபத்துக்கும் சரக்குக்கும் தொடர்பில்லை என்பதையும் எழுத்தில் கொடுத்தேன். மூன்று மாதங்களின் பின் திருத்தச் செலவில் ஒரு பகுதியைத் தந்தார்கள். மிகுதி என் கைப்பணம். அப்போதுதான் இன்னொரு விடயமும் தெரிய வந்தது. முச்சக்கர வண்டிக்காரர் மோதிய உடனேயே தனது தொலைபேசியில் எடுத்த படங்களில் என் துணிக்கட்டுகள் தெளிவாக விழுந்திருந்தன. கட்டுகளை ஒளித்திருந்தால் பொய்த் தகவல் என்ற காரணத்துக்காக முழுக் கோரிக்கையையுமே இழந்திருப்பேன். காப்புறுதி ஒப்பந்தம் பூரண நம்பிக்கையின் மீது நிற்கிறது. தகாபுல் முறையில் செய்தவர்களுக்கும் இது பொருந்தும்.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் மனிதர்களைப் பாருங்கள். காயமடைந்தவர் இருந்தால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவைக்கும் 119 பொலிஸ் இலக்கத்துக்கும் அறிவியுங்கள். பொலிஸார் வரும்வரை வாகனத்தை நகர்த்த வேண்டாம்.

அடுத்து, அந்த இடத்திலிருந்தே காப்புறுதி நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழையுங்கள். அதனைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைப்பது நல்லது. வீட்டுக்கு வந்து மறுநாள் அறிவித்தால், சேதம் எங்கே ஏற்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். மற்ற வாகனத்தின் இலக்கம், சாரதியின் பெயர், அவரது காப்புறுதி விபரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீதி தெரியும்படி தூரத்திலிருந்தும் சேதம் தெரியும்படி கிட்டவிருந்தும் படம் எடுங்கள்.

"பிழை என்னுடையது, காசு தந்துவிடுகிறேன்" என்று அவ்விடத்திலேயே பேசி முடிப்பது எமது பழக்கம். நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றால் கோரிக்கை பாதிக்கப்படலாம்.

திருத்த முன்னர்

கராஜிலிருந்து எழுத்து மூலமான மதிப்பீட்டைப் பெற்று நிறுவனத்திடம் கொடுத்து, அனுமதி கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை வீசிவிட வேண்டாம், கேட்பார்கள். கோரிக்கைப் படிவத்துடன் சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளும், தேவைப்படின் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், அசல் பற்றுச்சீட்டுகளும் வேண்டும். கொடுக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் ஏன் குறைகிறது?

நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையும், பழைய வாகனமானால் பாகங்களின் தேய்மானமும் கழிக்கப்படும். இவை பத்திரத்திலேயே இருக்கும். பலர் கவனிக்காதது குறைக்காப்புறுதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பாவித்த கார்களின் விலை வெகுவாக ஏறியது. ஆனால் பலர் பழைய பெறுமதியையே எழுதி வந்தார்கள். 60 இலட்சம் பெறுமதியான காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சராசரி நிபந்தனையின்படி 3 இலட்சம் சேதத்துக்கு 2 இலட்சமே கிடைக்கும். கட்டுப்பணத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் அங்கே பல மடங்காகப் போய்விடும்.

சிறிய கீறலுக்குக் கோரிக்கை விடுப்பதற்கு முன், அடுத்த வருடக் கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவை இழப்போமா என்று கணக்குப் பாருங்கள். கழிவு பெரிதென்றால் கைப்பணத்தில் திருத்துவதே இலாபம்.

கலவரத்தால் ஏற்படும் சேதம் தனிப் பிரிவு. அதனைச் சேர்த்தால் மட்டுமே காப்பு உண்டு. 2018 மார்ச்சில் திகனைப் பகுதியில் வாகனங்கள் எரிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. உங்கள் பத்திரத்தில் அது உண்டா என்று பாருங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே முறையிட வேண்டும். தீர்வு இல்லையெனில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ செல்லலாம்.

நான் இப்போது சரக்கு ஏற்றும் பாவனையையும் சேர்த்து, சற்று அதிகமான கட்டுப்பணம் செலுத்துகிறேன். அந்தத் தொகை, அன்று நான் இழந்ததோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். இன்றிரவு கடையை மூடிய பின் உங்கள் பத்திரத்தையும் எடுத்து, வாகனத்தின் பாவனை பற்றிய பகுதியை ஒருமுறை வாசியுங்கள். புரியாவிட்டால் முகவரை அழைத்து, "என் காரில் சரக்கு ஏற்றலாமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.