மணல்மேட்டில் வளர்ந்த மறைக்காடு

திருவாரூருக்குத் தேர் அழகு, வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு என்று டெல்டாவில் ஒரு சொலவடை உண்டு. தேரின் பெருமை பார்த்தாலே தெரியும். விளக்குக்கு ஏன் அப்படி ஒரு பேர்? வேதாரண்யம் கோயிலில் அணையப்போன விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்று தலபுராணம் சொல்கிறது. விவசாயம் பார்க்கிறவருக்கோ முதலில் வேறொரு கேள்விதான் எழும். அத்தனை விளக்குகளுக்கும் நெய் எங்கிருந்து வந்தது?

கோயில் சுவர்களில், 10-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்திலிருந்தே விளக்குக் கொடைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய 90 அல்லது 96 ஆடுகளை விடுவது வழக்கமான கணக்கு. அவற்றை மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இன்றும் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் நெய்விளக்கு என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரயில் நிலையமும் உண்டு.

ஆடு வளர்க்க மேய்ச்சல் திடல் வேண்டும். ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் மந்தை மேயாது. தஞ்சை மண்டலம் என்றதும் வாய்க்கால், நாற்றங்கால், நடவு என்று நினைக்கிறோம். அதன் தென்கிழக்கு மூலையில் இருக்கும் இந்த ஊர் ஆதியில் அப்படிப்பட்டதல்ல. பெயரிலேயே காடு இருக்கிறது. திருமறைக்காடு என்ற பெயரில் மறை வேதமாகவும் காடு ஆரண்யமாகவும் மாறி வேதாரண்யம் ஆயிற்று. முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கிய அதே வேலைதான்.

கடல் விட்டுக்கொடுத்த நிலம்

வரைபடத்தில் பார்த்தால் சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கடலோர நீரோட்டம் காவிரிக் கழிமுகங்களின் மண்ணைத் தெற்கே தள்ளிக்கொண்டு வரும். கரை திரும்பும் இந்த மூலையில் வேகம் குறைந்து மணல் படியும். அலை ஒதுக்கியதைக் காற்று குவிக்கும். மேடு ஒன்று உருவாகும். பிறகு கடல் சற்று பின்வாங்கும். அதற்கு முன்னால் இன்னொரு மேடு எழும். இப்படி வரிசை வரிசையாக எழுந்த மணல்மேடுகளும், இடையே விடுபட்ட பள்ளங்களும் சேர்ந்ததுதான் வேதாரண்யம் வட்டாரம்.

சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே இருந்தது. அது விலக விலக ஒவ்வொரு மேடும் அந்தந்தக் காலத்துக் கடற்கரையாக நின்றுவிட்டது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம்.ராமசாமி குழுவினர் இந்த மேடுகளை ஆராய்ந்து, இங்கே நிலம் கடலுக்குள் வேகமாக வளர்ந்துவருகிறது என்று 1998-ல் எழுதினார்கள். மேடு என்றவுடன் குன்றை நினைக்க வேண்டாம். கோடியக்கரைப் பகுதியில் மிக உயர்ந்த இடம் என்று சொல்லப்படும் ராமர் பாதம் வெறும் 4 மீட்டர் உயரம்தான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் சமதரையாகத்தான் தெரியும்.

உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நாலடி, பத்தடி வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஊர்ப் பெயர்களைப் படித்தாலே போதும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், தென்னம்புலம் என்று எத்தனை ‘புலங்கள்’! மணற்பாங்கான மேட்டு நிலத்தில் அமைந்த குடியிருப்புகள் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் வாங்கியிருக்கின்றன. தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நன்செய்க்குக் கோட்டகம் என்று பெயர். தாணிக்கோட்டகம் அப்படி வந்தது. வாய்மேடு, வெள்ளப்பள்ளம், கடினல்வயல், அண்டர்காடு, தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை ஆகிய பெயர்களை வரிசையாக வைத்தால் மேடு, பள்ளம், வயல், காடு, துறை என்று ஒரு மண் வரைபடமே கிடைத்துவிடும். மண் ஆய்வுத் துறை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரைந்த படம் அது.

கரியாப்பட்டினம் என்றொரு ஊர் இருக்கிறது. பட்டினம் என்பது கடற்கரை ஊருக்கு வைக்கும் பெயர். இன்று அங்கே நின்றால் அலைச் சத்தம் கேட்காது. பெயரை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்றாலும், கடல் விலகிய கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது யோசிக்க வைக்கிறது.

தேவாரக் காலத்தில் கோயில் இருந்த மேடு மக்கள் புழங்கும் இடமாகிவிட்டது. 7-ம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் இங்கே வந்து, மூடிக்கிடந்த கதவைப் பாடித் திறந்து, பாடி மூடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சம்பந்தர் பாட்டில் மரக்கலங்கள் வரும் கடற்கரையாக மறைக்காடு காட்சி தருகிறது. ஆனால் தெற்கே 10 கிலோமீட்டர் தள்ளிக் கோடியக்கரை அப்போதும் ஆளில்லாக் காடு. அங்கே போன சுந்தரர், கடற்காற்று இப்படி அடிக்கிறதே, பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை என்று குழகர் சுவாமியைக் கேட்கிறார். ஆந்தையும் கூகையும் அலறுவதையும், பொல்லாத வேடர்களையும் சொல்கிறார். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய நிலவியல் குறிப்பாக எடுத்துக்கொண்டால் இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அந்தக் காடும் குழகர் கோயிலும் புதிதல்ல. அந்தக் காட்டில் மிச்சமிருப்பதுதான் 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, வெளிமான்களின் புகலிடமாக இருக்கிறது.

மேலே நன்னீர், கீழே உப்பு

காவிரி நீர் இங்கே எவ்வளவு தூரம் வருகிறது? வெண்ணாற்றுப் பிரிவின் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு ஆகியவை வட்டத்தின் வடக்கு, மேற்குப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. தலைஞாயிறு, வாய்மேடு, தாணிக்கோட்டகம் பக்கமெல்லாம் நெல்தான். கடைமடை என்பதால் மேட்டூர் திறந்த தண்ணீர் கடைசியாக வந்து சேரும், சில ஆண்டு வராமலே போகும். மணல்மேடுகளுக்கோ அதுவும் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் மேடு ஏறாது. ஏறினாலும் மணல் குடித்துவிடும்.

பிறகு எப்படி இங்கே ஊர் நிலைத்தது? ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைதான் காரணம். மணல் அந்த மழையை வழியவிடாமல் உள்வாங்கிக்கொள்கிறது. அடியில் இருப்பது கடல்நீர். நன்னீர் எடை குறைந்தது, அதனால் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஹாலந்தைச் சேர்ந்த கீபன், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் இருவரும் தங்கள் நாட்டு மணல்மேட்டுக் கடற்கரைகளைப் பார்த்துவிட்டு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்குக் கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். மேலே ஓர் அடி இறங்கினால், நாளடைவில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறிவரும். மண்ணின் அடுக்குகளைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்பின் ஆகும். போக்கு மாறாது.

முன்னோர்கள் இந்தச் சூத்திரத்தைப் படிக்கவில்லை. ஆனால் அதன்படியே நடந்துகொண்டார்கள். ஆழமாகத் தோண்டாமல், அகலமான குட்டைகளாக வெட்டினார்கள். மேலாக ஊறும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினார்கள். வேதாரண்யம் புகையிலை இப்படிக் குடத் தண்ணீரில் வளர்ந்ததுதான். குடத்தால் எடுக்கும்போது ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவுக்கு மனித உடம்பே வரம்பு போட்டுவிடும். மோட்டாருக்கு அந்த வரம்பு இல்லை.

இங்கே பழமையான பயிர் எது என்று தேடினால் வேடிக்கையாக இருக்கும். புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. முந்திரியும் அப்படியே. சவுக்கு 19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் விறகுக்காகப் பரப்பப்பட்டது. இன்று மேடுகளில் நாம் பார்க்கும் பல பயிர்கள் வந்தேறிகள். பனையும் ஆடும் உப்பும்தான் பழைய குடிகள்.

உப்புக்குக் காரணம், மேடுகளுக்குத் தெற்கிலும் மேற்கிலும் கிடக்கும் சதுப்பு. கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரை சுமார் 48 கிலோமீட்டர் நீளம். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, வளவனாறு போன்றவை கடைசியில் வந்து கலப்பது இதில்தான். கோடையில் தண்ணீர் வற்றினால் உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். மருத நிலத்து நெல்லுக்கு நெய்தல் உப்பை மாற்றிய உமணர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இரண்டும் சமஅளவு மாறிய காலமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 19-ம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்கு வெட்டிய வேதாரண்யம் கால்வாயில் உப்பு படகேறிப் போனது. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் அணி, 28-ம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது. பாடப் புத்தகத்தில் ஊரின் வரலாறு அந்த நாளில்தான் தொடங்குகிறது. அதனால் அதை இங்கே நீட்டவில்லை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து இன்றும் உப்புக்கு வேதாரண்யம்தான். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் ரயில் பாதை அகலமாக்கப்பட்டு 2023 ஏப்ரல் 8-ல் மீண்டும் திறக்கப்பட்டபோது, உப்பு ஏற்றுமதிக்கு உதவும் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது.

மேடு கரைந்தால்

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மா, தென்னை, முந்திரி, சவுக்கு எல்லாம் மேடுகளில் வேரோடு சாய்ந்தன. கடலோரக் கிராமங்களில் கடல் சேறு கரையேறியது. மரங்களை மீண்டும் நட்டுவிடலாம், ஆண்டுகள் ஆகும், அவ்வளவுதான். புயல் இல்லாத நாட்களில் நடக்கும் இழப்பு வேறு. அதற்கு நிவாரணம் கேட்டு யாரும் மனு கொடுப்பதில்லை.

மேட்டு மணலைச் சவுடு என்றும் நிரப்பு மண் என்றும் சொல்லி லாரியில் ஏற்றும்போது, விற்பவர் நினைப்பது மண்ணை விற்கிறோம் என்றுதான். மழையைத் தேக்கும் பாத்திரத்தையே விற்கிறோம் என்று நினைப்பதில்லை. மேடு நாலடி தாழ்ந்தால் அதில் நிற்கும் தண்ணீரும் தாழும். முன்பு சொன்ன கணக்கு அங்கே வேலை செய்யத் தொடங்கும். தன் நிலத்தில் மணலைத் தொடாத பக்கத்து விவசாயியின் குட்டையும் சேர்ந்தே உவர்க்கும். இறால் குட்டைகள் இன்னொரு பக்கம். நாகை மாவட்டத்தில் நிலமற்றோருக்காக உழைத்த சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனி ஆணையச் சட்டம் வந்தபின் விதிகள் மாறின. உப்பு நீரை மணலின்மேல் தேக்கினால் அது கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை எந்தச் சட்டமும் மாற்றவில்லை.

இப்போது ஊருக்குக் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து கிடைத்துவிட்டதால் காலடியில் இருக்கும் ஊற்றைப் பற்றிய கவலை குறைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஆனால் நெய்விளக்கு, நாகக்குடையான் பக்கம் முல்லைக்கும், புஷ்பவனத்தில் தென்னைக்கும் கொள்ளிடக் குழாய் வராது. அவற்றுக்கு மேட்டு மழைநீர் ஒன்றே கதி.

மேட்டு நிலத்தில் பாசனம் செய்பவர்கள், தண்ணீர் குறைந்தால் குழாயை இன்னும் இருபது அடி இறக்குவோம் என்ற யோசனையை விட்டுவிடுவது நல்லது. ஒரே இடத்தில் ஆழமாக, வேகமாக இறைப்பதைவிட, ஆழமில்லாத இரண்டு மூன்று குட்டைகளில் மாற்றி மாற்றி மெதுவாக எடுப்பது உப்பு ஏறுவதைத் தடுக்கும். தூர்ந்த பழைய குட்டைகளை அகலப்படுத்தி, கரையை மேட்டு மணலாலேயே கட்டி, ஐப்பசி மழைக்கு முன் தயாராக வைத்துக்கொள்ளலாம். பாசன நீரின் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் தண்ணீர் மாதிரியையும் பரிசோதிக்கலாம். சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். தையில் ஒரு மாதிரி, ஆனி கடைசியில் ஒரு மாதிரி என்று ஒவ்வோர் ஆண்டும் எடுத்து எண்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், தன் மேட்டுக்குக் கீழே உப்பு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பது மூன்று நான்கு ஆண்டுகளில் தெரிந்துவிடும்.