கடல் காணச் செல்வோம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலநிறமாய் நெடிது கிடப்பது கல்வராயன்மலை. அம்மலைமீதுள்ள வெள்ளிமலை முதலிய ஊர்களில் வளரும் சிறுவர்க்கு அருவி புதிதன்று; காட்டாறு புதிதன்று; மழைமேகம் கைக்கெட்டும் அணிமையில் தவழ்ந்து செல்வதும் புதிதன்று. ஆயின், கடல் புதிது. பள்ளிப் படிப்பை முடிக்குமளவும் கடலை ஒருமுறையேனும் காணாத மாணவர் இன்றும் அங்கு உளர். குறிஞ்சி நிலத்தார்க்கு நெய்தல் நிலம் நூலிற் படிக்கும் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

முன்னாளில் இவ்வாறு இருத்தற்கு நியாயம் குறைவு. தென்னார்க்காடு மாவட்டம் ஒன்றாய் இருந்த காலத்தில் கல்வராயன்மலை அதன் மேலெல்லையிலும், கடலூர்க் கடற்கரை அதன் கீழெல்லையிலும் அமைந்திருந்தன. மலைவாழ்நர் மாவட்டத் தலைநகரை அடையின் கடலையும் அடைந்தவராவர். 1993 ஆம் ஆண்டில் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இப்பொழுது அம்மாவட்டத்திற்குக் கடற்கரை ஒரு முழமும் இல்லை.

எனினும், எல்லைக்கோடு பிரித்தவற்றை ஆறுகள் இன்றும் இணைத்தே வைத்துள்ளன. கல்வராயன்மலையிற் பெய்யும் மழையை மணிமுத்தாறும் கோமுகியாறும் ஏந்தி இறங்குகின்றன. இடையில் அவை ஒன்றுகூடி, விருத்தாசலத்தின் வழியே சென்று வெள்ளாற்றோடு கலக்கின்றன. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி ஆகிய ஊர்களைக் கடந்து பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகின்றது. ஆதலின், வெள்ளிமலைச் சிறுவன் ஒருவன் பரங்கிப்பேட்டைக் கரையில் நிற்பானாயின், அவன் தன் ஊர் நீர் முடியும் இடத்தில் நிற்கின்றான் என்றே கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சியினின்று கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் கடலூரை அடையலாம். அந்நகரையடுத்த தேவனாம்பட்டினம் என்னும் மீனவர் ஊரின் கடற்கரையை மக்கள் வெள்ளிக் கடற்கரை என்று வழங்குவர். அகன்ற மணற்பரப்பு, ஒருபுறம் கெடிலத்தின் கழி, மறுபுறம் ஓயாத அலை. விடியற்காலையிற் சென்று காண்பதே சிறப்பு. நம் கடற்கரை கிழக்கு நோக்கியது ஆகையால், ஞாயிறு நீரினின்று எழுவது போலத் தோன்றும். மீன்பிடித்துத் திரும்பும் படகுகளையும் அந்நேரத்திற் காணலாம். மரங்களைக் கயிற்றாற் பிணைத்து அமைத்த கட்டுமரம் முன்னர் இக்கரையெங்கும் விளங்கியது. அதன் பெயர் ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் புகுந்து வழங்குகின்றது. இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி.

இவ்வூரில் 1690 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விற்பனை வியப்பிற்குரியது. செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கில வணிகர் இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையினின்று பீரங்கியைச் சுட்டால் குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமெல்லாம் அவர்க்கு உரியது என்பது உடன்பாடு. நல்ல பீரங்கியையே அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாறு எல்லைக்குட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. அக்கோட்டையே புனித தாவீது கோட்டை. 1758 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையினர் அதனைக் கைப்பற்றி இடித்தனர்.

தேவனாம்பட்டினத்திற்கு ஒருமுறை மலையூர்ச் சிறுவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். முதலில் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒருவன் நீரை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்து முகஞ்சுளித்தான், மற்றவர் நகைத்தனர். அச்சம் நீங்கியதும் எல்லாரும் நீரில் இறங்கினர். அவருள் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவன், அலைகள் மோதும் இடத்தை விட்டு, அலையின்றி அமைதியாயிருந்த ஓரிடத்தை நாடிச் சென்றான். அறிவுள்ள பிள்ளை என்று நான் மனத்துள் மகிழ்ந்தேன். அப்பொழுது வலை உலர்த்திக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் ஓடிவந்து, “தம்பி! அங்கே போகாதே. அலை அடிக்கிற இடத்தில் நின்றாலும் நில். அலை அடங்கின இடத்தில் நிற்காதே!” என்று உரக்கக் கூவினார். பையன் திரும்பினான். அறியாமை என்னுடையது; அவனைக் காத்த அறிவு அப்பெரியவருடையது.

அவர் கூறியதன் பொருளைப் பின்னரே அறிந்தேன். அலைகள் இடைவிடாது நீரைக் கரைமீது கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த நீர் கடலுக்குத் திரும்பியே ஆகவேண்டும். அது கரையோரமாக நகர்ந்து, கடலடியிலுள்ள மணல்திட்டில் எங்கே பள்ளம் உள்ளதோ அங்கே ஒன்றுசேர்ந்து, ஆறுபோல் விரைந்து உள்வாங்குகின்றது. பள்ளத்தில் ஆழம் மிகுதியாதலால் அலை அங்கே உடைவதில்லை, நுரையும் குறைவு, நீர் சற்றுக் கருமையாய்த் தோன்றும். புதியவர் கண்ணுக்கு அதுவே தீங்கற்ற இடமாகப் படும். இறங்கியவரை அவ்வோட்டம் கரையினின்று நெடுந்தொலைவு இழுத்துச் செல்லும்.

கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகியவர் இவ்விழுப்பிற் சிக்கினால் என்ன செய்வர்? கரையை நேராக நோக்கி முழு வலிமையுடன் நீந்துவர். ஓட்டமோ அவரினும் விரைவுடையது. கை சோரும், மூச்சு முட்டும். உயிரிழப்பவருட் பலர் இவ்வாறு களைத்தே மூழ்குகின்றனர். செய்யத்தக்கது வேறு. எதிர்த்துப் போராடாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்திக் குரல் கொடுக்க வேண்டும். நீந்த வல்லவர், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தின் அகலத்தைக் கடந்து, அலை உடையும் இடத்தை அடைந்து, பின் அலையோடு கரையேற வேண்டும். கரையில் நிற்பவர் தாமும் பாய்ந்துவிடாமல், கயிறோ, மிதக்கும் வெறுங்குடமோ எறிந்து, காவலரையும் மீனவரையும் அழைக்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் கணுக்காலளவு நீரோடு நின்றுகொள்வது நலம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகீழ்ப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கரையிலிருந்து காண்பதோடு அமைதல் வேண்டும்.

கடலூரினின்று தெற்கே சென்றால் நாம் முன்னர்ச் சொன்ன பரங்கிப்பேட்டை உள்ளது. போர்த்துக்கேசியர் இதனைப் ‘புதிய துறைமுகம்’ என்னும் பொருள்படத் தம் மொழியிற் போர்ட்டோ நோவோ என்றழைத்தனர். 1781 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் இங்கே பெரும்போர் நிகழ்ந்தது. இன்று போரின் சுவடு ஒன்றும் புலப்படாது. வெள்ளாற்றுக் கழிமுகம் அமைதியாகவே கிடக்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அக்கழிமுகத்தின் கரையில் உள்ளது. அங்குள்ள காட்சிச்சாலையில் மீன், நண்டு, சங்கு, பவளம் முதலியவற்றைக் காணலாம். கல்வராயன்மலை மாணவர்க்கு நான் முதலிற் பரிந்துரைப்பது இவ்விடமே. ஏற்றத்தில் உப்புநீர் ஆற்றினுட் புகுவதையும், வற்றத்தில் அது வெளியேறுவதையும் ஒரே பகலிற் கண்டுவிடலாம்.

அதனையடுத்துப் பிச்சாவரம். இது மணற்கரையன்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த அலையாத்திக் காடு. சுரபுன்னை மரம் தண்டினின்று பல வேர்களை ஊன்றுகோல்போல் சேற்றில் இறக்கி நிற்கும். அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்டு, பின்னரே கீழே விழும். வெண்கண்டல் மரமோ மூச்சுவிடும் வேர்களைச் சேற்றின்மேல் நீட்டும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளையும். படகிற் செல்வோர் கிளையை ஒடித்தல் ஆகாது என்பதற்கு இஃதொன்றே போதும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது தேவனாம்பட்டினம் பெரிதும் அழிவுற்றது. இக்காட்டின் பின்னே இருந்த ஊர்கள் அத்துணைக் கேடுறவில்லை. அலையை ஆற்றுவது என்னும் பெயர் வெறும் பெயரன்று.

வடக்கே செல்ல வாய்ப்புடையோர் புதுச்சேரியையும் மாமல்லபுரத்தையும் சென்னையையும் காணலாம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. சென்னை மெரினா 1884 ஆம் ஆண்டு ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்துப் பெயரிட்ட கரை. மெரினாவின் அகன்ற மணல் அங்குத் தொன்றுதொட்டு இருந்ததன்று. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலினுள் எழுந்தபோது, வந்த மணல் அதன் தென்புறத்தில் தேங்கியது, மெரினா அகன்றது. மணல் வாராத வடபுறத்தில் இராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்த பின்னர் நகரக் கரையில் மணல் மறைந்து பாறையே எஞ்சிற்று. 2018 ஆம் ஆண்டில் கடலினுள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தனர். அதன்பின் ஒரு பகுதியில் மணல் மீண்டது.

அம்மணல் எங்கிருந்து வருகின்றது? பெரும்பகுதி ஆறுகள் கொணர்வதே. மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆற்றில் உருண்டு தேய்ந்து, வன்மை மிக்க படிகக்கல் மட்டும் எஞ்சி, கடலை அடைந்து கரையாகின்றது. ஆற்றில் அணை எழுந்தாலும், லாரிகளில் மணல் அள்ளப்பட்டாலும் கடற்கரைக்கு வரவேண்டிய வரவு குறைகின்றது.

பிச்சாவரத்தினின்று மலையூர்ச் சிறுவர்களோடு விருத்தாசலம் வழியாகத் திரும்பினேன். மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடக்கையில், உப்புநீர் குடித்த அச்சிறுவன் பேருந்துச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்து, “ஐயா, இது நம்ம ஆறுதானே?” என்று வினவினான். ஆம் என்றேன். கோடையாதலின் ஆற்றில் நீரில்லை. மணல் மட்டும் கிடந்தது. அதுவும் சில இடங்களில் பள்ளமாய் இருந்தது.