வாணிகமும் நற்பெயரும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பர். மணமே அதற்கு விளம்பரம் என்பது கருத்து. இம்மொழி ஓரளவிற்கே உண்மையாகும். மல்லிகையின் மணம் தெருக்கோடி வரை செல்லும். அடுத்த ஊருக்குச் செல்லாது. கடைத்தெருவின் நடுவே கடை வைத்திருப்பவர்க்கு அம்மணம் போதும். தம் வீட்டுத் திண்ணையில் அப்பளம் இட்டுப் பிழைக்கும் அம்மையாருக்கும், ஒரே தறியில் துண்டு நெய்து வாழும் நெசவாளருக்கும் அது போதாது. அவர்கள் செய்யும் பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், வேண்டுவோர் அதனை அறியாவிடின் அது வீட்டிலேயே தங்கிவிடும். செய்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு. அதுவே நற்பெயர்.

பொருளுக்குப் பெயரும் குறியும் இடும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களுக்கும், அங்கிருந்து வெளிநாடு சென்ற பண்டங்களுக்கும் சோழ அரசின் புலி முத்திரை இடப்பெற்றதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அந்நகரின் பண்டகசாலையில் கிடந்த பொதிகளின்மேல் உரியவரின் பெயரும் அளவும் கண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். கண்ணெழுத்து என்பது பண்டங்களின்மேல் இடப்படும் அடையாள எழுத்தாகும். பொதியைக் கண்டவர், ‘இஃது இன்னாருடைய சரக்கு, இதன் அளவு இத்துணை’ என்று உடனே உணர்ந்தனர். இன்று பெட்டியின்மேல் அச்சிடப்படும் வணிகக்குறியும் அப்பணியையே செய்கின்றது.

ஒரு மனிதருக்குப் பெயர் இருப்பதுபோல ஓர் ஊருக்கும் பொருளால் பெயர் வருவதுண்டு. கோவிற்பட்டி என்றவுடன் கடலை மிட்டாயும், திருவில்லிபுத்தூர் என்றவுடன் பால்கோவாவும், மணப்பாறை என்றவுடன் முறுக்கும் நம் நினைவிற்கு வருகின்றன. இப்பெயர்களை எந்தப் பெருமுதலாளியும் விலை கொடுத்து வாங்கவில்லை. பல தலைமுறைகளாகச் சிறு வணிகர் பலர் பாகின் பதத்தையும் பாலின் தரத்தையும் கைவிடாது காத்துவந்தமையால் விளைந்த புகழ் இது. ஆயின், புகழ் உள்ள இடத்தில் போலியும் தோன்றும். வேற்றூரில் செய்த பண்டத்தின்மேல் இவ்வூர்ப் பெயரை ஒட்டி விற்பாரும் உளர். இதனைத் தடுக்கவே புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் உரிய அதன் பதிவகம் நம் சென்னையில் கிண்டியில் உள்ளது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டிலும், கோவிற்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கு 2023-ஆம் ஆண்டிலும் இப்பதிவினைப் பெற்றன.

ஊர்ப் பெயர் பலருக்கும் பொது. தனி வணிகர் ஒருவர் தமக்கே உரிய பெயரையும் குறியையும் காத்துக்கொள்ள வணிகக்குறிச் சட்டம் உதவுகின்றது. இதுவும் 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதே. ஒருமுறை பதிவு செய்தால் அது பத்தாண்டுகள் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். ‘நல்ல அப்பளம்’ என்பதுபோலப் பொருளின் தன்மையை மட்டும் கூறும் பெயரைப் பதிவு செய்வது அரிது. அத்தகைய சொற்கள் யாவர்க்கும் பொதுவானவை. ஆதலின் பெயர் சுருக்கமாகவும், சொல்லுவதற்கு எளிதாகவும், பிறர் பெயரோடு மயங்காததாகவும் இருத்தல் வேண்டும்.

பெயரைச் சூட்டியாயிற்று, அதனைப் பரப்புவது எவ்வாறு? முன்னாளில் செய்தித்தாளில் விளம்பரம் செய்யவும், சுவரில் எழுதவும், வானொலியில் அறிவிக்கவும் பெரும்பொருள் வேண்டியிருந்தது. முதல் உடையவரே தம் பெயரை ஊரறியச் செய்ய இயன்றது. சிறு வணிகரோ வாய்மொழியையே நம்பியிருந்தனர். இந்நிலையை மாற்றியது கைப்பேசி. 2004-ஆம் ஆண்டில் பேஸ்புக்கும், 2005-இல் யூடியூபும், 2009-இல் வாட்ஸ்அப்பும், 2010-இல் இன்ஸ்டாகிராமும் தோன்றின. மக்கள் ஒருவரோடொருவர் உரையாடவும் படங்களைப் பகிரவும் அமைந்த இவற்றைச் சமூக ஊடகங்கள் என்கின்றோம். உரையாடும் இடத்தில் வாணிகமும் வந்து சேர்வது இயல்புதானே? திருவிழாவிற்கு மக்கள் கூடினால் அங்கே கடைகளும் கூடுகின்றன அல்லவா? சிறு வணிகர்க்கென்றே தனியாக அமைந்த வாட்ஸ்அப் செயலி 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் கடையின் முகவரி, திறந்திருக்கும் நேரம், பொருள்களின் படம், விலை ஆகியவற்றைக் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம்.

மேற்கூறிய அப்பளம் இடும் அம்மையாரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் முதலில் செய்யத்தக்கது யாது? பொருளைச் செவ்வைப்படுத்துதலே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முதல் கட்டு அப்பளம் நன்கு பொரிந்து, இரண்டாம் கட்டு எண்ணெய் குடித்துச் சிவந்து போயின், எத்துணை அழகிய படமும் அவர்க்கு உதவாது. எனவே உளுந்தின் தரம், உப்பின் அளவு, உலர்த்தும் நேரம் ஆகியவை என்றும் ஒருபடித்தாக இருத்தல் வேண்டும். அடுத்து, உறையின்மேல் பெயர், எடை, விலை, செய்த நாள், உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பெற்ற பதிவு எண் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். உறையில் உள்ள பெயரும் குறியும் நிறமுமே சமூக ஊடகத்திலும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு பெயரும் மற்றோரிடத்தில் வேறொரு பெயருமாக இருப்பின், காண்பவர் இருவேறு கடை என மயங்குவர்.

இனிப் படம் எடுக்க வேண்டும். பகலொளியில், உள்ளதை உள்ளவாறே காட்டும் படமே நன்று. மாவு பிசைவதையும், வட்டமாகத் தேய்ப்பதையும், வெயிலில் உலர்த்துவதையும் சிறு காட்சிகளாகக் காட்டலாம். விற்பவரின் உழைப்பைக் கண்ணாற் கண்டவர்க்கு அவர்மேல் நம்பிக்கை பிறக்கும். வினவுவோர்க்கு விரைந்து விடை கூறுதலும் வேண்டும். கடைக்கு வந்தவரை வாயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே சென்றுவிடுவோமா? செய்தி அனுப்பியவரும் அவ்வாறு வந்து நிற்பவரே.

இவ்வூடகங்கள் ஒருவர் இடும் படத்தை எல்லோர்க்கும் ஒருங்கே காட்டுவதில்லை. எது மிகுதியாகப் பார்க்கப்படுகின்றது, எதற்குப் பலர் மறுமொழி கூறுகின்றனர் என்பவற்றைக் கணித்து, அதனையே மேன்மேலும் பரப்புகின்றன. பணம் கொடுத்தால், இன்ன ஊரினர், இன்ன வயதினர் என வரையறுத்து அவர்க்கே விளம்பரத்தைக் காட்டவும் கூடும். இது சிறு வணிகர்க்கு நன்மையே. தம் ஊரைச் சுற்றியுள்ளவர்க்கு மட்டும் சிறு தொகையில் அறிவிக்கலாம். ஆயினும், ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். நூறு ரூபாய் செலவிட்டால் எத்தனை பேர் பார்த்தனர் என்பதைக் காட்டிலும், எத்தனை பேர் வாங்கினர், அவருள் எத்தனை பேர் மீண்டும் வந்தனர் என்று கணக்கெழுதிப் பார்ப்பதே அறிவுடைமை. விருப்பக்குறிகள் ஆயிரம் சேர்ந்தாலும் அவற்றைக் கொண்டு உளுந்து வாங்க இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விரைவில் புகழ் பெற விரும்பிச் சிலர் பொய்யான பாராட்டுரைகளை விலைக்கு வாங்குகின்றனர். தாமே வேறு வேறு பெயர்களில் தம்மைப் புகழ்ந்துகொள்கின்றனர். தம் பண்டம் நோயைத் தீர்க்கும் என்று கூசாது கூறுவாரும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பொய் விளம்பரத்தைத் தண்டிக்கின்றது. அதன்படி 2020-ஆம் ஆண்டில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் தவறினால் அது 50 இலட்சம் வரை உயரும். பொருளைச் செய்தவரேயன்றி, அதனைப் புகழ்ந்து கூறியவரும் இத்தண்டத்திற்கு உள்ளாவர். சட்டத்தின் தண்டனையினும் கொடியது மக்களின் தண்டனை. நற்பெயரைப் பரப்பும் அதே கருவி, பழியை அதனினும் விரைவாகப் பரப்பிவிடும். குறை கூறியவரின் சொல்லை அழித்துவிடுவதனால் குறை நீங்காது. தவறு நேர்ந்திருப்பின் யாவரும் காண அதனை ஒப்புக்கொண்டு, வேறு பொருள் கொடுப்பதோ பணத்தைத் திருப்பித் தருவதோ செய்தால், அக்குறையே அவர் நேர்மைக்குச் சான்றாகிவிடும்.

மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. சமூக ஊடகத்தில் நாம் கட்டும் கடை வாடகை மண்ணில் கட்டிய கடையாகும், நிலம் பிறருடையது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் இந்திய அரசு டிக்டாக் முதலிய 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அத்தடைக்கு உரிய காரணங்களை அரசு கூறியது. எனினும், அச்செயலி ஒன்றையே நம்பித் தம் பெயரை வளர்த்தவர்கள், சேர்த்து வைத்த கூட்டத்தை ஒரே இரவில் இழந்தனர். ஆகவே, ஓர் ஊடகத்தையே முழுதும் நம்புதல் கூடாது. வாங்குவோரின் பெயரையும் எண்ணையும் அவர் இசைவோடு தம் ஏட்டில் குறித்து வைத்தல் நலம். அத்தெருவில் உள்ள பழைய வாடிக்கையாளரையும் மறத்தல் ஆகாது. ஊடகம் மறைந்தாலும் அவர்கள் மறையார்.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? பெயர் என்பது வணிகர் உலகிற்குக் கொடுக்கும் வாக்கு. ஒவ்வொரு முறை பொருளை விற்கும்போதும் அவர் அவ்வாக்கினைக் காக்கின்றார், அல்லது முறிக்கின்றார். முரசு கொட்டுவோர் ஊரைக் கூட்டலாம். கூடியவர் கையில் கொடுப்பதற்கு நல்ல பொருள் வேண்டும். மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை வணிகராகலாம்; எல்லோரும் பொருள் வாங்குவோராகவே இருப்பீர்கள். விற்கும்போது உண்மையைக் கூறுங்கள். வாங்கும்போது ஆராய்ந்து வாங்குங்கள். உங்கள் ஊரில் நேர்மையாகத் தொழில் செய்யும் ஏழை ஒருவரின் பண்டம் நன்றாக இருப்பின், அதனை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். அந்நற்சொல் அவர் வீட்டு அடுப்பை எரியச் செய்யும்.