உலகப் போக்கும் ஊர்க் கிணறும்

உலகில் நிகழும் மாறுதல்கள் இரு வகைப்பட்டவை. புயல், வெள்ளம், போர், விலையேற்றம் ஆகியன திடீரென வந்து எல்லோரையும் விழிக்கச் செய்கின்றன. மற்றொரு வகை மாறுதல் ஓசையின்றி நடப்பது. ஆண்டுக்கு ஒரு முழம் இறங்கும் கிணற்று நீரையும், ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளாகக் குறையும் பள்ளிக்கூடத்தையும் எவரும் செய்தியாகக் கருதுவதில்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கையில், ஊரை உருமாற்றியவை இவையே என்பது விளங்கும். பல்லாண்டுகளாக ஒரே திசையில் செல்லும் இத்தகைய மாறுதல்களையே நெடும்போக்குகள் என்கிறோம்.

இவை உலகனைத்துக்கும் பொதுவானவை. ஆனால் இவற்றின் விளைவு தெரியும் இடம் ஒவ்வொருவருடைய ஊர்தான். ஆதலின் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்கொண்டு, உலகப் போக்குகள் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்துள்ளன, அவற்றின் முன்னே ஓர் ஊராட்சி செய்யக்கூடியது யாது என்பதனை இங்கு ஆராய்வோம்.

பழைய தொடர்பு

வெளியுலகத்தோடு நமக்குள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி வருவது தடைப்பட்டது. உடனே நம் நாட்டுப் பருத்தியின் விலை உயர்ந்தது. போர் முடிந்தபின் வீழ்ந்தது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குச் சென்ற இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக அமைந்தது. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றது. 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

பின்னர் உலகின் எண்ணம் மாறிற்று. புகையிலை உடலுக்குக் கேடு என்னும் அறிவு நாடுகள்தோறும் பரவியது. 2003இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றன. அதே ஆண்டில் இந்தியாவிலும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பயிரின் எதிர்காலம் அதனை விளைவிக்கும் நிலத்தில் மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை என்பதற்கு வேடசந்தூர்ப் பகுதியே சான்றாகும்.

மக்கட்பெருக்கின் திருப்பம்

1950ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 250 கோடி. 2022 நவம்பரில் அது 800 கோடியை எட்டியது. இது ஒரு போக்கு. இதனுள்ளே இதற்கு நேர்மாறான இன்னொரு போக்கும் அடங்கியிருக்கிறது. 1950களில் இந்தியாவில் ஒரு தாய்க்கு ஏறக்குறைய ஆறு குழந்தைகள் பிறந்தன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் அது 2.0 ஆகவும், தமிழ்நாட்டில் 1.8 ஆகவும் குறைந்துவிட்டது. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை அடுத்த தலைமுறைக்கும் நிலைநிறுத்த 2.1 தேவை. எனவே நம் மாநிலத்தில் வருங்காலத்தில் பிள்ளைகள் குறைவர், முதியோர் மிகுவர்.

இதனுடன் நகரை நோக்கிய நகர்வும் சேர்ந்துகொள்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்ட மக்கள் 21,59,775 பேர்; அவர்களுள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். ஊரில் எஞ்சியிருந்து நிலத்தைக் கவனிப்போரின் வயது ஏறிக்கொண்டே போகிறது. களையெடுக்க ஆள் இல்லை என்பது குடியானவர் யாவரும் கூறும் குறை. அதே வேளையில் நூற்பாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகின்றனர். இவை தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினும் ஒரே போக்கின் இரு முகங்களாகும்.

சந்தையின் நீண்ட கை

திண்டுக்கல் பூட்டு கைத்திறனால் உருவானது. நெம்புகோல்களை அரத்தால் ஒவ்வொன்றாக ராவிப் பொருத்தும் வேலை அது. எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளும் மலிவான பூட்டுகள் வெளியிடங்களிலிருந்து வந்தபோது, கைவினைஞரால் விலையில் போட்டியிட இயலவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெருமைக்குரியதே. ஆனால் அந்தக் குறியீடு வந்தபோது தொழிலைக் கற்ற கைகள் மிகவும் குறைந்துவிட்டன. பெயரைக் காப்பதற்கும் தொழிலைக் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனால் உணரலாம்.

எல்லா மாறுதலும் இழப்பன்று. 1974 முதல் ஜவுளி வாணிகத்தில் நாடுகளுக்கிடையே இருந்துவந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2005 ஜனவரி முதல் நாள் நீங்கின. வெளிநாடுகளுக்கு ஆடை அனுப்பும் வாய்ப்பு விரிவடைந்தது. அதனால் நூலுக்குத் தேவை பெருகி, திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளின் நூற்பாலைகளும் பயனடைந்தன. வானத்தை நம்பியிருந்த பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

வயலின் பயிருக்கும் இதே நிலைதான். வானம் பார்த்த நிலத்தில் நிலக்கடலை விளைந்து, செக்கில் ஆடிய எண்ணெய் வீட்டுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. இன்று இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் கணிசமான பங்கு இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் பனை எண்ணெய். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியைச் சில வாரங்கள் தடை செய்தபோது, அந்தச் செய்தி நம் மளிகைக் கடைவரை எட்டியது.

மக்காச்சோளத்தின் கதை இன்னும் கூர்மையானது. கோழித் தீவனத்துக்கென அதன் சாகுபடி நம் மாவட்டத்தில் பரவியது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது; 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் காணப்பட்டது; அவ்வாண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பெரிதும் அழித்தது. பொருள் உலகைச் சுற்றும் வேகத்தில் புழுவும் சுற்றுகிறது. ஒரே பயிரை ஊர் முழுவதும் விதைப்பது எத்துணை ஆபத்தானது என்பதனை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

காற்றும் மண்ணும்

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதனால் காற்றில் கரியமில வாயு பெருகுகிறது. 1958இல் ஹவாய்த் தீவில் முறையாக அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது; இன்று 420க்கும் மேல். இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தின் சராசரியைவிட 2024ஆம் ஆண்டில் உலக வெப்பம் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

ஒன்றரை டிகிரி என்பது சிறிய அளவுதானே என்று எண்ணலாகாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடும். எனவே பெய்யும் மழை கொட்டித் தீர்க்கிறது. இடையில் வறண்ட நாட்கள் நீளுகின்றன. நாட்கணக்கில் நின்று பெய்யும் மழை மண்ணுள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழையோ ஓடையில் ஓடிவிடும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யாமல் பொய்த்தது; 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையை நம் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மண்ணுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. முன்பு ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர். உலகச் சந்தை விரைவையும் மென்மையையும் கோரியபோது குரோமிய உப்பு அவ்விடத்தைப் பிடித்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் திண்டுக்கல் நகரை அடுத்த சில பகுதிகளில் கிணற்று நீரை உப்பாக்கியது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தியது. இன்று அந்நெறி நாடு முழுவதும் வழங்குகிறது. எனினும் உப்பேறிய நிலத்தடி நீர் தீர்ப்பினால் மட்டும் நன்னீராகிவிடாது. கெடுவதற்குச் சில ஆண்டுகள் போதும். மீள்வதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

கிணற்றின் கணக்கு

மேலே கண்ட போக்குகள் யாவும் வந்து கூடும் இடம் கிணறு. கூலியாள் கிடைக்காததும், சந்தை கோரும் பயிரும், ஒழுங்கற்ற மழையும் சேர்ந்து நம்மை நிலத்தடி நீரையே நம்பச் செய்கின்றன. கமலை கட்டி மாடுகள் இறைத்த காலத்தில், மாட்டின் களைப்பே நீரைக் காத்தது. பம்புசெட்டுக்குக் களைப்பில்லை. பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்தவர்களும் உண்டு. நம் சமவெளியின் அடியில் இருப்பது மணற்படுகை அன்று, கடினப் பாறை. மேலே சில பத்து அடி உக்கிய பாறையிலும், கீழே அங்கங்கே உள்ள வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். ஆழம் கூடுவதனால் நீர் கூடுவதில்லை. அண்டைக் கிணற்றின் நீரே பல வேளைகளில் நம் குழாய்க்கு வருகிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். அதாவது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 33 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. கடினப் பாறை நிலத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குச் சென்றாலே மிகுதி, அது 3.3 லட்சம் லிட்டர். இரண்டு அங்குல உயரத்துக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும். இருபது முறை பாய்ச்சினால் 40 லட்சம். பாய்ச்சியதில் கால் பங்கு மீண்டும் கீழே இறங்குவதாகக் கொண்டாலும், ஓர் ஏக்கர்ப் பாசனத்துக்கு ஒன்பது ஏக்கரின் மழைச் சேமிப்பு தேவைப்படுகிறது.

ஊரில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குமேல் இவ்வாறு பாசனம் செய்தால், நாம் செலவிடுவது வருமானத்தை அன்று, முதலையே ஆகும். நம் மாவட்டத்தின் பல வட்டாரங்கள் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்படுபவை என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதன் பொருள் இதுவே.

ஊராட்சி செய்யத்தக்கது

உலக வெப்பத்தையோ பனை எண்ணெயின் விலையையோ ஓர் ஊராட்சி மாற்ற இயலாது. ஆனால் அவற்றின் வருகையை முன்கூட்டியே அறிய இயலும். அதற்கு வேண்டியது ஒரு பதிவேடு. அதில் பின்வரும் ஐந்து குறிப்புகள் போதும்:

1. மழைமானி கொண்டு அளந்த ஒவ்வொரு நாள் மழை.
2. ஊரின் ஐந்து திசைக் கிணறுகளில், கயிறும் கல்லும் கொண்டு ஜனவரியிலும் மே மாதத்திலும் அளந்த நீர்மட்டம்.
3. அவ்வாண்டு புதிதாகத் துளைத்த ஆழ்துளைக் கிணறுகள், வற்றிப்போனவை.
4. பயிர்வாரியாகப் பாசனம் பெற்ற ஏக்கர் அளவு.
5. பிறந்த குழந்தைகள், முதல் வகுப்பில் சேர்ந்தோர், அறுபது வயது கடந்தோர்.

முதல் ஆண்டில் இவை வெறும் எண்களாகவே தோன்றும். ஐந்தாம் ஆண்டில் திசை தெரியும். பத்தாம் ஆண்டில் இப்பதிவேட்டைவிடச் சிறந்த ஆலோசகர் ஊரில் இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுவது வழக்கமாக்கப்பட்டுள்ளது. அன்று இப்பதிவேட்டைப் படித்துக் காட்டி, வரும் பட்டத்தில் எவ்வளவு நிலத்துக்கு நீர் உண்டு, எப்பயிர் தாங்கும் என்று சபையே பேசலாம்.

இது வெறும் கனவன்று. மகாராஷ்டிரத்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூரில் மழை நம்மில் பாதியளவே. 1989இல் அங்கு ஊராட்சித் தலைவரான பொபட்ராவ் பவாரின் காலத்தில், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்று ஊரார் கூடி முடிவு செய்தனர். வரப்புகளும் தடுப்பணைகளும் அமைத்தனர். ஆண்டுதோறும் நீர்க்கணக்குப் பார்த்துப் பயிரைத் தீர்மானித்தனர். வேலை தேடி வெளியேறிய குடும்பங்கள் பல ஊருக்குத் திரும்பின.

தனி ஒருவர் சிக்கனம் செய்தால் மிஞ்சும் நீரை அடுத்தவர் இறைத்துவிடுவார் என்ற அச்சம் நம்மவர்க்கு உண்டு, அது நியாயமானதே. அதனாலேயே இது தனி மனிதர் தீர்க்கக்கூடியதன்று; ஊர் கூடித் தீர்க்க வேண்டியது. சபையில் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படும் கணக்கு அவ்வச்சத்தைக் குறைக்கும். வரத்து வாய்க்காலைத் தூர்வாருதல், கலிங்கையும் மடையையும் செப்பனிடுதல், சொட்டுநீர்ப் பாசனத்தைப் பெருக்குதல் ஆகியவை நாம் அறிந்தவையே. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதற்கட்டத்தில் இடம்பெற்ற ஆறு மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. குளங்களை வெட்டிப் பழகிய அனுபவம் நம் ஊர்களுக்கு இருக்கிறது. வெட்டிய குளத்துக்கு எவ்வளவு நீர் வந்தது, அதனால் எந்தக் கிணறு ஊறியது என்று அளந்து பார்ப்பதே இனிச் செய்ய வேண்டியது.

நெடும்போக்குகள் மெதுவாக வருகின்றன. அதுவே அவற்றின் ஆபத்து, அதுவே நமக்குள்ள வாய்ப்பும் ஆகும். மெதுவாக வருவதனை அளந்துகொண்டிருப்பவர்க்கு ஆயத்தமாகக் காலம் கிடைக்கும். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு பதிவேடு: இவற்றுக்கு மானியம் தேவையில்லை. வரும் மே மாதத்தில் முதல் அளவை எடுத்துவிடுவோமாக.